படையலுக்கு ஒரு முகம்

எங்கள் வீட்டுப் போர்ச்சில் கார் நின்று பல வருஷம் ஆகிறது. ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. பக்கத்து வீடுகளில் கார் நிற்கும் இடத்தில் எங்கள் வீட்டில் பலகைகள் நிற்கும். பழைய அலமாரியின் முதுகு, யாரோ வீட்டைப் புதுப்பித்தபோது வெளியே போட்ட கதவு, கட்டிலின் கால்மாட்டுப் பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார் என் வீட்டுக்காரர். எல்லாவற்றிலும் படம். காரை மகன் கோலாலம்பூருக்கு ஓட்டிப் போனதில் அவருக்குத் துளியும் வருத்தமில்லை. இடம் கிடைத்ததே என்று இருந்தார்.

சுண்ணாம்புக்கல் உடைக்கும் மலையில் லாரி ஓட்டியவர் அவர். முதுகு வலி வந்து வேலையை விட்டதும், இனி கோப்பிக் கடையே கதியென்று கிடப்பார் என்றுதான் நினைத்தேன். அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடித்தோம். பச்சை கொஞ்சம் மிஞ்சியது. மூடி போட்டு எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு நான் சந்தைக்குப் போனேன். திரும்பி வந்தால், அலமாரிப் பலகை ஒன்றில் வரிசை வரிசையாக ரப்பர் பால்மரங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே, தோளில் காண்டா கம்பு வைத்து, இரண்டு பக்கமும் வாளி தொங்க, பெண்கள் நடந்து போகிறார்கள். பால் எடுக்க மரம் சீவப் போகிற பெண்கள். எல்லாருக்கும் பச்சைச் சட்டை, ஏனென்றால் இருந்தது அந்தச் சாயந்தான்.

"இது யாரு சொல்லிக் கொடுத்தது?" என்றேன்.

"யாரு சொல்லிக் கொடுப்பா? சும்மா இருந்தேன், கை போச்சு."

இப்படித்தான் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் படம் வரையும் வகுப்பு என்று ஒன்று இருந்ததாகவே அவருக்கு ஞாபகமில்லை. தூரிகை எப்படிப் பிடிப்பது என்றும் யாரையும் கேட்டதில்லை. முகம் மழிக்கும் பிரஷ், பழைய பல் பிரஷ், தீக்குச்சியில் சுற்றிய பஞ்சு, எது கையில் கிடைத்தாலும் அதில் வரைவார். நான் ரொட்டிக்கு நெய் தடவ வைத்திருந்த நல்ல பிரஷ் ஒன்றும் அப்படித்தான் போயிற்று. அதற்கு நான் இன்றுவரை சமாதானம் ஆகவில்லை.

அவர் வரைவது ஒரே ஒரு இடத்தைத்தான். சுங்காய்ப் பக்கம் அவர் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம். இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தாகிவிட்டது. நான் ஈப்போ டவுனில் வளர்ந்தவள், பால்மரத்தைப் பஸ்ஸில் போகும்போது பார்த்ததோடு சரி. ஆனால் இன்றைக்கு அந்தத் தோட்டத்தில் என்னைக் கண்ணைக் கட்டி விட்டாலும் பால் நிறுக்கும் கொட்டகை எது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை எது, கணக்கு எழுதும் கிராணியார் வீடு எது என்று சொல்லிவிடுவேன். அவ்வளவு தடவை போர்ச்சில் அவற்றைத் தாண்டிக்கொண்டு துணி காயப் போட்டிருக்கிறேன்.

அவர் லாரி ஓட்டிய காலத்துச் சிநேகிதர் ஒரு சீனர், பழைய டவுனில் கோப்பிக் கடை வைத்திருக்கிறார். பரிதாபப்பட்டோ என்னவோ, ஒரு படத்தை வாங்கிக் கடைச் சுவரில் மாட்டினார். அதற்குப் பிறகுதான் வேடிக்கை. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து பிழைப்புக்கு ஈப்போவுக்கு வந்தவர்கள் கோப்பி குடிக்க வந்த இடத்தில் படத்தைப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் விலாசம் கேட்டு எங்கள் வீட்டுக்கே வரத் தொடங்கினார்கள். பாராட்ட வரவில்லை. குறை சொல்ல வந்தார்கள்.

"அண்ணே, எங்க வீட்டு முன்னால கொய்யா மரம் இருந்துச்சே, அது எங்க?"

"எங்கப்பா சைக்கிளு வெச்சிருந்தாருலா. நீங்க போடவே இல்லை."

இவருக்குக் கோபமே வராது. மறுநாள் சாய டின்னை மோட்டார் கூடையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய், சாப்பிட உட்கார்ந்தவர்களைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, சுவரில் இருக்கும் படத்தில் கொய்யா மரத்தையும் சைக்கிளையும் போட்டுவிட்டு வருவார். ஒருவர் தங்கள் வீட்டு நாயையும் போட வைத்தார். அடுத்த வாரம் அதன் வால் வெள்ளை என்று சொல்லி அதையும் மாற்ற வைத்தார். படம் எப்போதுதான் முடியும் என்று கடைக்காரர் மலாய் மொழியில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார். என் வீட்டுக்காரர் வரைந்த எந்தப் படமும் முடிந்ததில்லை.

அந்தப் படங்களில் ஒருவருக்கும் முகம் கிடையாது. எல்லாரும் நமக்கு முதுகைக் காட்டி நடப்பார்கள், இல்லையென்றால் குனிந்து நிற்பார்கள்.

"உங்க தோட்டத்துல யாரும் திரும்பியே பாக்க மாட்டாங்களா?" என்று கேலி செய்தேன்.

"மொகம் நமக்கு வராதுலா. முதுகுன்னா கை தன்னால போவுது."

ஆனால் அவருக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அதற்காகவே அவர் வரைகிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முதல் நாள் மாலை, இறந்தவர்களுக்குப் படையல் போட்ட பிறகுதான் மற்றதெல்லாம். அவர்கள் படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, அவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைப்போம். மாமனாருக்குப் படம் இருக்கிறது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எடுத்த கும்பல் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. அவருக்கு ஒரு பாட்டில் ஸ்டவுட் பீரும் சிகரெட்டும் வைப்போம். மாமியாருக்குக் கருவாட்டுக் குழம்பு, பாலில்லாத கோப்பி, தொட்டுச் சாப்பிட பிஸ்கட். படம் மட்டும் கிடையாது. நாற்காலியில் ஒரு புதுச் சேலையை மடித்து வைத்து, அதற்கு முன்னால் விளக்கேற்றிக் கும்பிடுவோம். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமியார் எனக்கு ஒரு சேலையாகத்தான் பழக்கம்.

தோட்டத்து மனுஷிக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் ஐசிக்காக எடுத்ததுதான். ஆள் இறந்துவிட்டால் அந்த அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் இறப்புப் பத்திரம் கிடைக்கும். மாமியார் காய்ச்சலில் போனபோது இவர் சின்னப் பையன். கல்யாணம் ஆகாத அக்கா ஒருத்திதான் விவரம் தெரிந்தவள். அவள் போய் அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மாவின் முகமும் அதோடு போய்விட்டது என்று அவளுக்கு உறைத்ததாம். அந்த அக்காதான் பிறகு இவரை வளர்த்து ஆளாக்கியவர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமாகிப் பாரிட் புந்தாருக்குப் போனவர், அங்கேயே இருந்துவிட்டார்.

அண்ணிக்கு முழங்கால் வலி மோசமானபோது இவருக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. அம்மா முகத்தைப் பார்த்துச் சரி என்று சொல்ல அக்காவை விட்டால் வேறு ஆள் இல்லை. அக்கா இருக்கும்போதே அம்மாவை வரைந்துவிட வேண்டும், அந்த ஒரு வருஷமாவது படையலில் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்று ஆரம்பித்தார்.

போனில் அண்ணியிடம் அடையாளம் கேட்பார். மூக்கு கூராக இருக்கும் என்பார் அண்ணி. அடுத்த வாரம் கேட்டால் கொஞ்சம் சப்பை என்பார். நெற்றி ஒரு நாள் அகலம், ஒரு நாள் ஒடுக்கம். இவர் வரைந்து, மகன் சொல்லிக் கொடுத்தபடி போனில் படம் பிடித்து அனுப்புவார். பதிலுக்கு வருவது எப்போதும் ஒன்றுதான்: "இல்லடா தம்பி, இது வேற யாரோ."

ஒரு நாள் குளியலறையில் அரவமே இல்லை. என்னவென்று எட்டிப் பார்த்தால், மீசையைச் சுத்தமாக மழித்துவிட்டு, தலையில் என் துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறார். மகனுக்குத் தாய் ஜாடை இருக்குமாம், அதைப் பார்த்து வரையப் போகிறாராம். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படம் வந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, அங்கிளுக்கு இப்படி ஒரு தங்கச்சி இருக்கிறார்களா என்று கேட்டாள். அன்றோடு அந்த வழியும் மூடியது. மீசை வளரும் வரைக்கும் அவர் கோப்பிக் கடைப் பக்கமே போகவில்லை.

பிறகு ஒரு நாள் முகம் வந்தது. போர்ச்சிலிருந்து என்னைக் கூப்பிட்ட குரலிலேயே தெரிந்தது. போய்ப் பார்த்தேன். சின்னப் பலகை. தலைத்துண்டு கட்டிய ஒரு பெண், நேராக நம்மைப் பார்க்கிறாள். உருண்டை முகம். ஒரு புருவம் மட்டும் சற்றே தூக்கி, ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டவள் போல உதடு. மற்ற முகங்களெல்லாம் பொம்மை மாதிரி இருந்தன. இவள் உயிரோடு இருந்தாள்.

"உங்கம்மா லட்சணமாத்தான் இருந்திருக்காங்க," என்றேன். "கொஞ்சம் கோவக்காரவங்களோ?"

"அம்மா அதட்டிக்கூடப் பேச மாட்டாங்க." அவரும் யோசித்தார். "ஆனா கண்ண மூடினா இந்த மொகந்தான் வருது. அப்ப இதுதானேலா?"

இந்தத் தடவை போனில் அனுப்பவில்லை. அக்கா நேரில் வந்து பார்க்கட்டும் என்று துணி போட்டு மூடி வைத்தார். தீபாவளிக்கு முதல் நாள் அண்ணி ரயிலில் வந்தார். இவர் நிலையத்துக்குப் போய் டாக்சியில் கூட்டி வருவதற்குள் நான் படையலை ஒழுங்கு பண்ணிவிட்டேன். மாமனார் படத்துக்குப் பக்கத்தில் மாமியார் படத்தை வைத்து, பொட்டு வைத்து, காலையில் சந்தையில் பூ வாங்கி என் கையாலேயே தொடுத்த மல்லிகை மாலையைப் போட்டேன். ஒரு வழியாகச் சேலைக்குப் பதில் ஒரு மனுஷியைக் கும்பிடப் போகிறோம் என்று எனக்கே மனம் நிறைந்திருந்தது.

அண்ணி கால் கழுவிவிட்டு உள்ளே வந்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"என்னடா தம்பி இது?"

"அம்மாக்கா."

"அம்மாவா? உசுரோட நிக்கிற பொண்டாட்டிக்கு மாலையப் போட்டு, வெளக்கேத்தி வெச்சிருக்கியேடா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கரண்டியும் கையுமாக நின்று படத்தை உற்றுப் பார்த்தேன். பக்கத்தில் மாமனார் படத்தின் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. ஒரு புருவம் தூக்கி, ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டு. போர்ச்சில் சாயம் சிந்தும்போதெல்லாம் நான் அவரைப் பார்க்கிற பார்வை. தலைத்துண்டைக் கழற்றிவிட்டு என் மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டால் அது நானேதான். என் முகத்துக்கு நானே பூத்தொடுத்து மாலை போட்டிருக்கிறேன்.

அண்ணி ஒரே இழுப்பில் மாலையைக் கழற்றினார். என்னை உட்கார வைத்து, உப்பும் மிளகாயும் எடுத்துத் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். நெற்றி நிறையத் திருநீறு பூசினார். இவர் படத்தை எடுத்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, போர்ச்சுக்குப் போய்விட்டார்.

எனக்குப் பயம் போனதும் கோபம் வந்தது. நல்ல நாளும் அதுவுமாக இப்படியா என்று வாய்க்கு வந்தபடி திட்டலாம் போல் இருந்தது. ஆனால் திட்ட முடியவில்லை. கண்ணை மூடினால் அவருக்கு வருகிற முகம் என்னுடையது. இத்தனை வருஷத்தில் ஒரு பூ வாங்கி வந்து கொடுத்தவரில்லை, நல்லதாக ஒரு சொல் சொன்னவரில்லை. அவருக்கே தெரியாமல் சொல்லிவிட்டார். அடுப்பில் மிளகாய் நெடி ஏறிக்கொண்டிருந்தது, கண்ணைத் துடைக்க அது வசதியாகப் போயிற்று.

விளக்கேற்றும் நேரம் நெருங்கியது. கருவாட்டுக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. மறுபடியும் சேலையைத்தான் வைக்க வேண்டும் என்று நாற்காலியைத் துடைத்தேன். இவரைக் கூப்பிட அண்ணி போர்ச்சுக்குப் போனார். போனவர் வரவில்லை. நானும் போய்ப் பார்த்தேன்.

இவர் படிக்கட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அண்ணி பக்கத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப அம்மா மொகம் எனக்கு ஞாபகம் இல்லக்கா. இருக்குன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். இல்ல."

அண்ணி எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே மோட்டாருக்குப் பக்கத்தில் அந்த முதல் பலகை நின்றது. பச்சைச் சட்டைப் பெண்கள். அது சரியாக வரவில்லை என்று இவர் விற்கவுமில்லை, சுவரில் மாட்டவுமில்லை. மழைச் சாரல் மோட்டார் மேல் அடிக்காமல் இருக்கத் தடுப்பாக வைத்திருந்தார். தீபாவளிக்கு வீடு துடைத்தபோது நான்தான் அதையும் துடைத்துப் படம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருந்தேன்.

"அது யாருடா?" என்றார் அண்ணி.

"எது?"

"அந்த மூணாவது ஆளு."

"சும்மா போட்டதுக்கா. மரம் சீவப் போற பொம்பளைங்க."

"எல்லாரும் கம்ப வலது தோள்ல வெச்சிருக்காங்க. அவ மட்டும் எதுக்கு எடது தோள்ல வெச்சிருக்கா?"

இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தலைத்துண்டு முனை ஒண்ணு அவுந்து தொங்குது பாரு. அம்மா முடிச்சுப் போட மாட்டா, சொருவி விட்டுட்டுப் போயிருவா. நான் பின்னாலயே கத்திக்கிட்டுப் போவேன், அம்மா துண்டு, அம்மா துண்டுன்னு. நீ என் இடுப்புல இருப்ப." அண்ணி பலகையைக் கை காட்டினார். "கால அகட்டி வெச்சு அப்படித்தான்டா நடப்பா. இது அம்மாடா."

இவர் எழுந்து போய்ப் பலகைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். தன் கை வரைந்ததை முதல் முறையாகப் பார்க்கிறவர் போல அப்படிப் பார்த்தார்.

"மொகம் இல்லையேக்கா."

"மொகத்த நாம எங்கடா பாத்தோம்? விடியுமுன்ன போயிருவா. போறதத்தான் நாம நின்னு பாப்போம். திரும்பி வாறப்ப நான் அடுப்படியில இருப்பேன், நீ தூங்கிப் போயிருப்ப. நமக்குத் தெரிஞ்ச அம்மா இதுதான்."

இவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அண்ணியும் அழுதார். நானும் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சேலையாக மட்டுமே பழகிய மாமியாரை, தோளில் வாளியோடு, துண்டு நழுவ, நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பலகை பெரியது, உள்ளே படையல் மேடையில் நிற்காது. அதனால் படையலை வெளியே கொண்டுவந்தோம். மாமனார் படத்தையும் தூக்கி வந்து பக்கத்தில் சாய்த்து வைத்தோம். மோட்டாரைத் தள்ளிவிட்டுப் போர்ச்சுத் தரையில் இலை போட்டு, விளக்கேற்றினோம். போகிற வருகிற காரெல்லாம் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. முதுகைக் காட்டுகிற படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா என்று எனக்குத் தயக்கம். அண்ணி யோசிக்கவே இல்லை. இன்னொரு மாலை தொடுக்க வைத்து, பலகையின் மேல்விளிம்பில் ஆணியடித்து மாட்டினார். அது மூன்றாவது ஆளோடு நிற்காமல் முன்னும் பின்னும் நடந்த பெண்கள் மேலும் விழுந்தது.

"கெடக்கட்டும்," என்றார் அண்ணி. "அவங்களும் போயிட்டவங்கதான்."

தீபாவளி முடிந்து அண்ணி ஊருக்குப் போன பிறகு, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்த என் படத்தை இவர் எடுத்தார். தலைத்துண்டை அழித்து முடி வரைந்தார். மூக்கின் மேல் என் கண்ணாடியையும் போட்டார். இனி யாரும் தப்பித் தவறி மாலை போட்டுவிடக் கூடாதாம். அதைச் சமையலறையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் யார் வரைந்தது என்று கேட்டால், ரொட்டி பிரஷ்ஷைத் திருடினவர் என்று சொல்வேன்.

அண்ணி இறந்து சில வருஷம் ஆகிறது. அவருக்குப் படத்துக்குப் பஞ்சமில்லை, போனில் கொட்டிக் கிடக்கிறது. ஆனாலும் அவர் இறந்த அந்த வருஷத்துப் படையலுக்கு முன்பு இவர் அந்தப் பலகையை எடுத்து வைத்து, பச்சைச் சாயம் வாங்கி வந்து உட்கார்ந்தார். படந்தான் முடிவதே இல்லையே. மூன்றாவது ஆளுக்குப் பின்னால், கை நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடுகிற ஒரு பெண்பிள்ளையைப் போட்டார். அவளுக்கும் முகமில்லை, முதுகுதான். பார்த்ததுமே அண்ணி என்று எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் பலகையில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு. மற்ற இடமெல்லாம் புல்லும் மரமுமாக நிறைத்துவிட்டவர், அதை மட்டும் தொடாமல் விட்டிருந்தார். அம்மா, அக்கா, அடுத்து யார் என்று கணக்குப் போட எனக்கும் தெரியும். மறுநாள் மிஞ்சிய சாய டின்னை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"அந்த எடத்துல ஒரு மரம் போடுங்க," என்றேன். "நல்லா பெருசா."